திருநெல்வேலியில் வெளியே சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாறுதலாகி வருகிறவர்கள், பாளையங்கோட்டைக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், குற்றாலம் போகிற வழியில் ஒரு நாள் தங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கடைக்குப் போகலாம்? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கடையைக் கேட்டால் மணியைக் கேட்கிறீர்களே, ஏன்?

நெல்லையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. இரவெல்லாம் புளித்த மாவில் காலை ஏழு மணிக்கு வேகும் இட்லி ஒரு ருசி. அதே மாவு பதினொரு மணிக்குப் புளிப்பேறி வேறு ருசியாகிவிடும். மதியக் குழம்பை இரவில் சூடு பண்ணிக் கொடுத்தால் அதில் குழம்பின் பெயர் மட்டுமே மிச்சம். புரோட்டாக் கல் மாலையில்தான் சூடேறும். அல்வாவுக்கு மாலை, பதநீருக்கு விடிந்த கையோடு. பெரிய நகரங்களில் காலை பதினொன்று முதல் இரவு பதினொன்று வரை ஒரே பட்டியலை நீட்டுகிற உணவகங்களுக்குப் பழகியவர்கள் இங்கே வந்து பிற்பகல் நான்கு மணிக்குச் சாப்பாடு கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் அந்தச் சாப்பாட்டை வைத்து இந்த ஊரை எடை போட்டுவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம்.

உட்கார்ந்ததும் பட்டியல் அட்டையைக் கேட்க வேண்டாம். "அண்ணாச்சி, இப்போது என்ன சூடாக இருக்கிறது?" என்று சப்ளையரிடம் கேளுங்கள். கேட்பவரை ஏமாற்ற இங்கே யாருக்கும் மனம் வராது. "ஊத்தப்பம் போடச் சொல்கிறேன், வடை ஆறிவிட்டது" என்று அவரே சொல்லிவிடுவார்.

டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று ஊர் பிரிந்து கிடக்கிறது. எதற்கு எங்கே போவது?

நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. மேற்குக் கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன். அதற்கும் ஆற்றுக்கும் இடையில் ஜங்ஷன். 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டை. பாளையங்கோட்டைக்குத் தென்மேற்கே மேலப்பாளையம்.

டவுனுக்கு மாலையில் போங்கள். நான்கு ரத வீதிகளிலும் லாலா கடைகள் என்னும் மிட்டாய்க் கடைகள் விளக்கேற்றி, வடைச்சட்டிகள் கொதிக்கத் தொடங்கியிருக்கும் நேரம் அது. கோயில் ஊர் என்பதால் சைவ ஓட்டல்கள் அதிகம். ஜங்ஷன் பயணிகளின் இடம். அங்கே அவசரத்துக்குச் சாப்பிடலாம், ஆனால் விசாரித்துச் சாப்பிட வேண்டும். குடும்பத்தோடு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட வண்ணாரப்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் பெரிய உணவகங்கள் இருக்கின்றன. கார் நிறுத்தவும் அங்கேதான் ஓரளவு இடம் கிடைக்கும். ரத வீதிக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். ஆட்டோ பிடித்துப் போவது நிம்மதி. பிரியாணியும் கறி வகைகளும் வேண்டுமென்றால் மேலப்பாளையம். மதியத்துக்குள் போய்விட வேண்டும். அண்டா காலியான பிறகு போய் நின்றால் அடுத்த நாள்தான்.

நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறோம். எதில் தொடங்கலாம்?

இட்லி, பூரிக் கிழங்கு, ரசவடை. இந்த மூன்றும் ஒரு ஓட்டலில் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

பூரிக்குத் தொட்டுக்கொள்ளத் தருவதை இங்கே கிழங்கு என்றே கேட்க வேண்டும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கடலைமாவுமாகச் சற்றே தளர இருக்கும். ரசவடை பலருக்குப் புதிது. உளுந்த வடையைச் சாம்பாரில் போட்டுத் தருவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இங்கே மிளகும் சீரகமும் மணக்கும் ரசத்தில் ஊறிய வடை கிண்ணத்தில் வரும். ஊறினாலும் உடையாமல் இருக்க வேண்டும். கரண்டி பட்டதும் விண்டுகொள்ளவும் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் ரசம் இறங்கியிருக்காது, பத்துக்குப் பிறகு வடை கரைந்துவிடும். இடைப்பட்ட அந்த நேரத்தில் போனவர் பாக்கியவான்.

இட்லிக்கு எத்தனை சட்னி வைத்தாலும் பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்குங்கள். புளிமிளகாய் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பச்சை மிளகாயைப் புளியில் சுண்டக் காய்ச்சிய வீட்டுப் பண்டம் அது. ஓட்டலில் வைப்பவர்கள் குறைவு, வைத்திருந்தால் அந்தக் கடையை மறக்காதீர்கள். காபிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் கூட்ட நேரத்தில் கை கழுவிவிட்டுக் காத்திருக்க வேண்டி வரும்.

மதியம் இலைச் சாப்பாடு எப்படி இருக்கும்? அளவுச் சாப்பாடு போதாதா?

பசி இருந்தால் இலைச் சாப்பாடுதான். தாமிரபரணிப் பாசனத்தில் வாழை செழித்து வளர்கிற ஊர் இது. இலை தளதளவென்று இருக்கும். தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் கூட்டு, பொரியல், அவியல், அப்பளம் வரும். நல்ல ஓட்டலில் அப்பளம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்ததாக இருக்கும். சோறு போட்டதும் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், புளிக்குழம்பு, ரசம், மோர். வெளியூர்க்காரர்கள் சாம்பாரிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு புளிக்குழம்பு வரும்போது கை காட்டிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. நெல்லைச் சமையல்காரரின் கை தெரிவது புளிக்குழம்பிலும் அவியலிலும்தான். சாம்பாருக்கு ஒரு கை சோறு மட்டும் போட்டுக்கொண்டு, புளிக்குழம்புக்கு இடம் விட்டுச் சாப்பிடுங்கள்.

பன்னிரண்டரை முதல் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி சனிக்கிழமைகளில் அசைவம் சாப்பிடுகிறவர்களும் சைவ ஓட்டலுக்கு வந்துவிடுவார்கள். அன்று இன்னும் முன்னதாகப் போக வேண்டும்.

மீன் நன்றாக இருக்குமா?

கடற்கரை பக்கம்தான். தூத்துக்குடி, உவரி, மணப்பாடு பக்கமிருந்து மீன் காலையிலேயே வந்துவிடும். ஆகவே மதிய நேரத்தில் மீன் குழம்பு நம்பிச் சாப்பிடலாம். சாளை, நெத்திலி, விளமீன், பாறை என்று அன்றைக்கு என்ன வந்ததோ அதைக் கேளுங்கள். எப்போதும் நெய்மீன் வறுவலைத்தான் கேட்பேன் என்று நிற்காதீர்கள். வஞ்சிரம் என்று சென்னையில் சொல்வது அதைத்தான். விலையில் பாதிக்குக் கிடைக்கும் சாளைக் குழம்பில் இருக்கும் ருசி அதில் வராது.

ஒரு விஷயத்தை மனத்தில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான காலம். அந்த நாட்களில் நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவரும் சிறு மீன்தான் புதிது. பெரிய மீன் துண்டுகள் பெரும்பாலும் ஐஸில் இருந்தவை அல்லது வேறு கடலிலிருந்து வந்தவை. அப்போது பெரிய மீனைக் கேட்டு வாங்கிவிட்டுக் குறை சொல்வது நியாயம் இல்லை.

இரவில் மீன் குழம்பு கேட்காதீர்கள். மதியத்தின் மிச்சம்தான் வரும். மீன் குழம்பு மறுநாள் ருசி கூடும் என்பது உண்மை, ஆனால் அது வீட்டு மண்சட்டிக்குத்தான் பொருந்தும். நாள் முழுதும் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும் ஓட்டல் அண்டாவுக்கு அது பொருந்தாது.

திருநெல்வேலி என்றால் சொதி என்கிறார்கள். எந்த ஓட்டலிலும் அதைக் காணோமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சொதி நெல்லைச் சைவ வீடுகளின் விருந்துக் குழம்பு. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குச் செய்து போடுவார்கள். அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்துக்கொள்வார்கள். காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி ஆகியவற்றைத் தண்ணீராக இருக்கும் கடைசிப் பாலில் வேக வைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றுவார்கள். கெட்டியான முதல் பால் கடைசியில்தான் சேரும். ஊற்றியதும் ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. புளி கிடையாது. தேங்காய்ப் பால் மந்தம் என்பதால் கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம் உண்டு. மொறுமொறுப்புக்கு உருளைக்கிழங்கு வறுவல்.

ஓட்டலில் ஏன் இல்லை என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. சாம்பாரை மூன்று மணி நேரம் அடுப்பில் வைத்துப் பரிமாறலாம். சொதியை அப்படி வைக்க முடியாது. திரும்பச் சூடு பண்ணவும் முடியாது. பிற்பகலுக்குள் நைந்துவிடும். ஆகவே பந்தி போடுகிற வீட்டுக்கு அது உகந்தது, வந்து போகிறவர்களுக்குப் பரிமாறுகிற ஓட்டலுக்கு உகந்ததில்லை. அப்படியிருந்தும் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு மதியம், சொதிச் சாப்பாடு போடுகிற சைவ ஓட்டல்களும் மெஸ்களும் இருக்கின்றன. காலையிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டு, முதல் பந்திக்குப் போய்விடுங்கள். நாள் முழுதும் சொதி கிடைக்கும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

நெல்லை நண்பர் வீட்டில் சொதிக்கு அழைத்தால், வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளி வைத்துவிட்டுப் போங்கள்.

உளுந்தம்பருப்புச் சோறு, கூட்டாஞ்சோறு?

இவையும் வீட்டுச் சமையல்தான். காய்கறியும் பருப்பும் அரிசியும் சேர்த்துப் பொங்குவது கூட்டாஞ்சோறு. கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்துப் பொங்கிய உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் தொட்டுக்கொள்ள வேண்டும். சில மெஸ்களில் குறிப்பிட்ட கிழமையில் செய்கிறார்கள், விசாரித்தால் தெரியும்.

அல்வாவுக்கு இருட்டுக்கடைதானா? மற்றக் கடைகளில் வாங்கினால் ஏமாற்றமா?

இருட்டுக்கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிறது. ராஜஸ்தானத்திலிருந்து வந்த கிருஷ்ணசிங்கின் குடும்பம் 1900 வாக்கில் தொடங்கியது. மாலையில்தான் திறப்பார்கள், தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். பெயர்ப்பலகை வைக்காத கடை, மங்கிய வெளிச்சம், அதுவே பெயராகிவிட்டது. வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும். போய் நின்று வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், ஒரு நூற்றாண்டைக் கடந்த கடைக்கு அந்த மரியாதை செய்யலாம்.

ஆனால் நெல்லையில் நல்ல அல்வா ஒரே கடையில்தான் என்று சொன்னால் மற்ற லாலா கடை மாஸ்டர்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, புளிக்கவிட்டுத் தெளிந்த நீரை இறுத்து, சர்க்கரைப் பாகில் ஊற்றி மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். நெய்யை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உழைப்பில் குறை வைக்காத கடைகள் டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் உண்டு. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே சொல்லும். தண்ணீருக்குப் பங்கு இருக்கட்டும். நான் பார்த்தவரை துடுப்புப் பிடிக்கிற கைக்குத்தான் பெரிய பங்கு.

அல்வாவை முதலில் கடை வாசலிலேயே நின்று சாப்பிடுங்கள். நூறு கிராம் கேட்டால் அண்டாவிலிருந்து கரண்டியால் எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். சூட்டில் இலை வாட்டம் கண்டு ஒரு மணம் எழும். அல்வா கரண்டியிலிருந்து வழுக்கி விழ வேண்டும். கட்டியாக வந்து விழுந்தால் சரியில்லை. விரலில் எடுத்தால் நெய் மணிக்கட்டு வரை இறங்கும். பல்லுக்கு வேலையே இருக்காது. நிறம் சர்க்கரை பழுத்து வந்த செம்பழுப்பாக இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு என்றால் அது சாயப் பொடியின் வேலை. தின்று முடித்ததும் கேட்காமலேயே கொஞ்சம் மிக்சர் தருவார்கள். இனிப்புக்கு மேல் அந்தக் காரம் பட்டால்தான் முறை முடிந்தது. அதன்பிறகு வீட்டுக்குக் கட்டச் சொல்லுங்கள்.

பஸ் நிலையத்தைச் சுற்றிப் பிரபலக் கடைப் பெயர்களில் ஓரெழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு அடுக்கடுக்காகக் கடைகள் இருக்கும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ருசி பார்க்கத் துளி தர மறுக்கிற கடையில் மட்டும் வாங்க வேண்டாம்.

புரோட்டா?

மாலை ஆறரை மணிக்குப் புரோட்டாக் கடை முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மதியமே பிசைந்து எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடி வைத்த மைதா உருண்டைகள் அப்போதுதான் வெளியே வரும். அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் மாவு இழுத்த இழுப்புக்கு வராது. மாஸ்டர் ஓர் உருண்டையைத் தட்டி, இரண்டு வீச்சில் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு விரித்து, மடித்துச் சுருட்டி வைக்கிறார். பத்து சேர்ந்ததும் கல்லில் போடுகிறார். வெந்ததும் நான்கைந்தை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் ஓர் அடி. ஏடுகள் விட்டுக்கொடுப்பது அந்த அடியில்தான்.

அடித்த சூட்டோடு இலைக்கு வந்த புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றச் சொல்லி, ஊறுவதற்குள் பாதியும் ஊறிய பிறகு பாதியுமாகச் சாப்பிடுங்கள். சால்னாவைக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கம் இல்லை. கொத்துப் புரோட்டா வேண்டுமானால் இரவு ஒன்பதுக்கு மேல், சால்னா வற்றிக் கெட்டியான பிறகு சொல்லுங்கள்.

பார்டர் புரோட்டா என்று பலகை வைத்த கடைகளை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்டர், செங்கோட்டை அருகே கேரள எல்லைப் பாதையில் இருக்கும் பிரானூர். ரஹ்மத் கடையின் கோழி வறுவலும் சின்னப் புரோட்டாவும் அங்கேதான் பேர் பெற்றன. திருநெல்வேலியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு அந்தப் பசியோடு போவது வழக்கம். குளிர்ந்த உடம்புக்கு மிளகுக் காரம் ஏறுவது தனிச் சுகம்.

வந்தே பாரத்தில் இரவு பத்தரைக்கு மேல்தான் வந்து சேருகிறோம். அந்த நேரத்தில் என்ன கிடைக்கும்?

ஜங்ஷன் பக்கம் புரோட்டாக் கடைகளும் இட்லி, தோசைக் கடைகளும் திறந்திருக்கும். ஆவி பறக்கிற இட்லி கிடைத்தால் அதுவே உத்தமம். பயணம் முடித்து வந்த வயிற்றுக்கு அந்த நேரத்தில் மைதாவும் கறியும் வேண்டாம் என்பது என் எண்ணம். சைவச் சாப்பாடு தேடி அலையாதீர்கள். அல்வா ஆசையை அடுத்த நாள் மாலைக்குத் தள்ளி வையுங்கள்.

பெண்கள் தனியாகப் போய்ச் சாப்பிட முடியுமா?

முடியும். சைவ ஓட்டல்களில் காலை முதல் இரவு ஒன்பது வரை கல்லூரி மாணவிகளும் வேலைக்குப் போகிற பெண்களும் தனியாக வந்து சாப்பிடுகிறார்கள். புரோட்டாக் கடைகளில் இரவானால் ஆண்கள் கூட்டம்தான். உள்ளே குடும்ப அறை என்று ஒன்று இருக்கும். அந்த அறை பல இடங்களில் காற்று வராத மூலையில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அங்கே போய் உட்காருங்கள் என்று சொன்னால் கட்டாயம் இல்லை. முன் கூடத்தில் இடம் இருந்தால் தாராளமாக உட்காருங்கள். தனியாக வந்து நல்ல சாப்பாட்டை நிதானமாக ரசித்துச் சாப்பிடுவது எல்லாருக்கும் உரியது.

முன்பின் தெரியாத கடை நல்ல கடைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லாவுக்குப் பக்கத்தில் பாருங்கள். காலையில் தூக்குவாளியோடு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சாம்பாருக்கு நின்றால் அது நம்பகமான கடை. தினமும் சாப்பிடுகிறவனை யாரும் ஏமாற்ற முடியாது. வடைச்சட்டி எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். காலை நேரத்திலேயே கறுத்திருந்தால் அது நேற்றைய எண்ணெய். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பஜ்ஜியை அச்சடித்த செய்தித்தாளில் வைத்துத் தந்தால் இலை கேளுங்கள், மை உடம்புக்கு ஆகாது. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.

இளம்பிள்ளைகள் ஷவர்மா கேட்பார்கள். கறி முழுவதும் வெந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிக் கொடுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்தது, காரணம் கிருமித் தொற்று. வெயில் காலத்தில் நம் ஊர்ச் சூட்டில் அது எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

பில்லில் என்னென்ன பார்க்க வேண்டும்? டிப்ஸ் எவ்வளவு?

சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், குளிர்சாதன அறையானாலும் அதேதான். மத்திய, மாநிலப் பங்காக இரண்டரை இரண்டரை என்று பிரித்துக் காட்டுவார்கள். விற்பனையில் ஒரு சிறு பங்கை மொத்தமாக வரி கட்டுகிற இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறு கடைகள் உங்களிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. அறை வாடகை அதிகமுள்ள நட்சத்திர ஓட்டல்களில் மட்டும் 18 சதவீதம்.

சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று அறிவித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நெல்லைக் கடைகளில் இந்தச் சிக்கல் அரிது.

டிப்ஸ் உங்கள் மனம் போல. இலைச் சாப்பாட்டில் நான்கு முறை குழம்புவாளியைத் தூக்கி வந்தவரிடம் கையில் கொடுங்கள். தட்டில் வைத்துவிட்டுப் போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வீட்டுக்கே வரவழைத்துச் சாப்பிடலாமே?

ஸ்விக்கியும் சொமேட்டோவும் இங்கேயும் உண்டு. பிரியாணி தாங்கும், இட்லி ஓரளவு தாங்கும். தோசை, ஆப்பம், ரசவடை, புரோட்டா எதுவும் அந்தப் பெட்டிக்குள் பிழைப்பதில்லை. உடம்பு முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது பெரிய உதவிதான். மற்றவர்கள் எழுந்து போகலாம்.

எந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்?

ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் சாப்பிட நினைக்காதீர்கள். தேர் பார்க்க வாருங்கள், சாப்பாட்டை ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் லாலா கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஆனி, ஆடியில் குற்றாலச் சீசன் களைகட்டும்போது தென்காசிச் சாலைக் கடைகளில் வார இறுதிக் கூட்டம் தாளாது. கிழமை நாட்களில் போனால் நிதானமாகச் சாப்பிடலாம்.

பதநீர் எங்கே, எப்போது?

கோடையில், அதிகாலையில். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து வரும். சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும் என்பதால் ஒன்பது மணிக்குள் குடித்துவிட வேண்டும். பதநீர் கிடைக்காத மாதங்களில் அதே பனையின் கருப்பட்டி போட்ட காபி குடியுங்கள், பால் சேர்க்காமல். உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

திரும்பிப் போகும்போது ரயிலுக்கு எதைக் கட்டச் சொல்வது?

இட்லிக்குப் பொடியும் எண்ணெயும் தடவி இலையில் கட்டச் சொல்லுங்கள். இரவுப் பயணத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. சட்னி வேண்டாம், தேங்காய் கெட்டுவிடும். புளியோதரையும் தாங்கும்.

அல்வா வெளியிலேயே ஒரு வாரம் கெடாமல் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து இறுகிவிடும், வைக்காதீர்கள். சாப்பிடும் முன் பாத்திரத்தோடு வெந்நீரில் சற்று வைத்தால் இளகிக் கொடுக்கும். கூடவே மிக்சர் கால் கிலோ வாங்க மறந்தால் வீட்டில் கேட்பார்கள். ரயில் கோவில்பட்டியில் நின்றால் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. பெட்டியிலிருந்து இறங்காமல் ஜன்னல் வழியே வாங்குகிறவர்கள் பொட்டலத்தில் ஊர்ப்பெயரும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.